பதிவேட்டில் யாருடைய பெயர்? மறுவாழ்வுப் பணியும் சமூக நீதியும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. மதுரையைச் சூழ்ந்த மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் கூலி வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்கு தெரியும். நடக்க இயலாத ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, தாய் தன் அன்றாடக் கூலியை இழக்கிறாள். அந்த உழைப்புக்கு ஊதியமும் இல்லை, மதிப்பும் இல்லை.

பயிற்சியும் சான்றிதழும் உள்ளோரின் உழைப்பையோ சட்டம் ஒரு தொழிலாக மதிக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழி ஆலோசகர் முதலியோர் மறுவாழ்வு வல்லுநர்கள். ஏற்கப்பட்ட கல்வித்தகுதியோடு மையப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இப்பணிகளைச் செய்யலாம்; மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இப்பதிவேட்டுக்குள் நுழைய எளிய வழி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பயிலும் இரண்டாண்டுச் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு. பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வியியல் பட்டம் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இத்துறைப் படிப்புகளை நடத்துகிறது. எந்தக் கல்லூரியானாலும், கட்டணம் செலுத்துமுன் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் குழுமத்தின் ஒப்புதல் உள்ளதா என உறுதிசெய்வது இன்றியமையாதது. ஒப்புதலற்ற சான்றிதழைக் கொண்டு பெயர் பதிய இயலாது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பணியிடங்களுக்கான தேவையை உச்ச நீதிமன்றமே வரையறுத்துள்ளது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2021இல் கூறியது. ஒப்பந்த முறையே நீடித்ததால், நிரந்தரப் பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

உதவி பெறுவோராக மட்டுமே பார்க்கப்படுவோர் வழிநடத்துவோராகவும் ஆக முடியும். 1985இல் மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னா பார்வையற்றவர். அதே நியாயம் சாதிக்கும் பொருந்தும். சேரியின் வாசலைத் தாண்டத் தயங்காத வல்லுநர்கள் வேண்டுமெனில், அங்கிருந்தே அவர்கள் உருவாக வேண்டும். ஆகவே, மாவட்டந்தோறும் அரசுப் பயிற்சி மையம், தாமதமற்ற உதவித்தொகை, இடஒதுக்கீட்டுடன் கூடிய நிரந்தர நியமனம் ஆகிய மூன்றையும் ஒரே கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.