பங்கு விலைக்கு ஜோசியம் சொல்லும் கம்ப்யூட்டர்

நாளை எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. 1963-ல் தொடங்கிய பெங்களூர் பங்குச் சந்தை 2014-ல் மூடப்பட்டது. ஆனால் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பஸ்சுக்கு நிற்கிறவர் கையில் உள்ள போனிலேயே இன்று சந்தை நடக்கிறது. கணக்குப்படி லாபம் என்று ஆசை காட்டும் விளம்பரமும் அதே போனில்தான் வருகிறது.

பழைய விலைகள்

ஒரு பங்கின் பல ஆண்டு விலை, விற்பனை அளவு, வட்டி விகிதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொடுத்து, எதைத் தொடர்ந்து எது வந்தது என்று பார்ப்பார்கள். பழைய விலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். போன வருஷக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்த பையன், அதே கேள்விக்கு நூற்றுக்கு நூறு வாங்குவதைப் போல!

ரயில் தாமதத்தையும் இப்படிக் கணக்கிடலாம். நாளைக்கு மெயில் வரும் என்று சொல்லிவிட்டதால், அது இன்றே வந்து நிற்காது. பங்கு வந்து நிற்கும்! நாளை 10 ரூபாய் ஏறும் என்று தெரிந்தால் எல்லோரும் இன்றே வாங்குவார்கள். விலை இன்றே ஏறிவிடும். நாளைக்கு ஏற என்ன இருக்கிறது?

இன்போசிஸ் சரிவு

நம் ஊர்க் கம்பெனியையே பாருங்கள். 1993-ல் இன்போசிஸ் பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது முழுவதையும் வாங்க ஆள் இல்லை. பிறகு அது வளர்ந்தது ஊரறிந்த கதை. அதே பங்கு 12-4-2013 அன்று, வளர்ச்சி குறைவாகவே இருக்கும் என்று கம்பெனி அறிவித்ததும், ஒரே நாளில் சுமார் 21 சதவீதம் சரிந்தது. முந்தின நாள் வரை உள்ள விலைப் பட்டியலில் அந்த அறிவிப்பு எங்கே இருக்கும்?

கணக்கு ஓரளவு சொல்வது ஒன்று உண்டு. சந்தை கடுமையாக ஆடினால், அடுத்து வரும் நாட்களிலும் ஆட்டம் இருக்கக்கூடும். இதை அளக்க 1982-ல் வழி கண்ட ராபர்ட் எங்கிளுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆடும் என்று தெரியும். மேலேயா கீழேயா என்பது தெரியாது.

100-க்கு 93 பேர்

முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டதாக, சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் அறிவித்தது. மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களுக்கு அதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் கணக்கால் வந்தது. அவர்களில் பலர் நாளைய விலையைத் தேடுவதில்லை. நொடிக்குள் வந்து மறையும் சில்லறை வித்தியாசத்தைப் பிடிக்கிறார்கள். டிபன் நேரத்தில் போனைத் திறக்கும் குமாஸ்தா மோதுவது அந்த இயந்திரத்தோடு.

2023-24-ல் இந்த வியாபாரம் செய்த தனி நபர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல், ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று எழுதிக் கொடுத்தவர்கள்.