பழந்துணி: கொடுக்கிற கையும் விற்கிற கையும்

'செகனண்டு' என்பது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் கூச்சமின்றிப் புழங்குகிற சொல்தான். செகனண்டு வண்டி, செகனண்டு செல்போன், செகனண்டு தையல் மிஷின். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண் செகனண்டில் வாங்கிய ஸ்கூட்டியில் போனால் அது கெட்டிக்காரத்தனம். அவள் போட்டிருக்கிற சுடிதாரைப் பார்த்து செகனண்டா என்று கேட்டால் அது வசவு. "எவளோ கட்டிக் கழிச்சத நான் இன்னாத்துக்குக் கட்டணும்?" என்றுதான் பதில் வரும். இரண்டுமே ஒருவர் பயன்படுத்தி இன்னொருவரிடம் கைமாறியவை. வண்டிக்கு இல்லாத அவமானம் துணிக்கு மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் சூழலியல் பேசுகிற நம் தோழர்கள், புதுத்துணி வாங்காதே, பழையதை வாங்கி உடுத்து என்று இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்கிறோம் என்கிற கேள்வியும் இருக்கிறது.

வியர்வை, சொறி சிரங்கு, சுகாதாரம் என்று பதில் சொல்வது சுலபம். அது பாதி உண்மைகூட இல்லை. பிறந்த குழந்தையை நாம் பழந்துணியில்தான் ஏந்துகிறோம். பாட்டியின் நைந்த நூல்புடவைதான் தூளி. அக்காவின் பாவாடை தங்கைக்கு, அண்ணனின் டிரவுசர் தம்பிக்கு. உறவுக்குள் இருக்கும்வரை பழசு என்பது மெத்தென்ற ஒரு குணம், அவ்வளவுதான். உறவுக்கு வெளியிலும்கூட, வரவேற்புக்கு வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையிடம் போன முகூர்த்தத்தில் இதை எவன் போட்டிருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. லாட்ஜ் போர்வையையும் விசாரிப்பதில்லை. ஆக, அழுக்கு துணியில் இல்லை. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு, எப்படி வந்தது என்பதில் இருக்கிறது.

இந்தக் கை விவகாரத்துக்கு நம்மிடம் எழுதப்பட்ட சட்டமே இருந்திருக்கிறது. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம், இருபிறப்பாளன் பிறர் அணிந்த செருப்பையும் துணியையும் அணியலாகாது என்கிறது (பூணூல், நகை, மாலை, கமண்டலம் எல்லாம் அதே வரிசையில் சேர்த்தி). பத்தாம் அத்தியாயம், அண்டிப் பிழைக்கிற சூத்திரனுக்கு மிச்சச் சோறு, பழந்துணி, பதர், பழைய தட்டுமுட்டுச் சாமான் இவற்றைக் கொடுக்கவேண்டும் என்கிறது. அதே அத்தியாயத்தில் சண்டாளனுக்குப் பிணத்தின் துணி. தனித்தனியாகப் படித்தால் ஒன்று ஆசாரம், ஒன்று தர்மம், ஒன்று தண்டனை. சேர்த்துப் படித்தால் ஒரு விநியோக முறை தெரிகிறது. துணி புதிதாக உச்சியில் நுழைந்து, உடம்பு உடம்பாகக் கீழே இறங்குகிறது. ஒருபோதும் ஏறுவதில்லை. அணிந்தவனின் உடம்பு துணியில் ஒட்டிக்கொள்கிறது என்பது அந்த நூலுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் ஒருவனுக்கு அதை விலக்குகிறது. தெரிந்தே இன்னொருவனுக்கு அதை விதிக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் தீட்டு, இன்னோரிடத்தில் கூலி.

தமிழில் புதுத்துணிக்குக் 'கோடி' என்று பெயர். கல்யாணத்துக்கும் கோடி, பிணத்துக்கும் கோடி. பிணத்துக்குப் போர்த்தியது சுடுகாட்டில் வேலை செய்கிறவருக்கு உரியது என்பது பல ஊர்களில் வழக்கம். வாழ்நாளில் அவர் கைக்கு வந்த நல்ல புதுத்துணி, இன்னொருவன் செத்ததால் வந்ததாக இருக்கும். இதைச் 'சுதந்திரம்' என்று வேறு சொன்னார்கள். மொழிக்கு இருக்கிற குரூரம் சாமானியமானதல்ல.

1930 டிசம்பரில் ராமநாதபுரத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மறைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. தலைமுடி கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இந்தப் பட்டியலை மறுபடி ஒருதரம் பாருங்கள். பழந்துணி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு தடை இல்லை. இருக்கவும் இருக்காது. அங்கே பட்டியல் போட்டார்கள், மற்ற இடங்களில் பட்டியல் போடாமலே நடந்தது.

இதற்கு எதிர்வினையாகத்தான் தலித் அரசியலில் உடை இவ்வளவு முக்கியமான இடத்தைப் பிடித்தது. அம்பேத்கரின் கோட்டு சூட்டைப் பார்த்து மேனாட்டு மோகம் என்று முணுமுணுத்த காந்தியவாதிகளுக்கு இது கடைசிவரை புரியவில்லை. அரை வேட்டிக்கு இறங்கி வருவது, முழு வேட்டி கட்ட உரிமை இருந்தவருக்கு மட்டுமே சாத்தியமான தியாகம். 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியை எரித்த நாட்களில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தக்கவர்கள் உடுத்துவதைப் போல உடுத்துங்கள், ஒட்டுப்போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். ஒட்டுப்போட்ட சொந்தத் துணியை அவர் இழிவாக நினைக்கவில்லை. பழசுக்கு அவர் எதிரி இல்லை, இன்னொருவன் விதித்த கோலத்துக்கு எதிரி. வட ஆற்காட்டுச் சேரிகளில் ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனமும் பின்னர் குடியரசுக் கட்சியும் வேர்பிடித்த காலத்திலிருந்து வெளுத்த சட்டை என்பது ஒரு அரசியல் அறிக்கை. அதைப் போட்டுக்கொண்டவரின் பேத்தியிடம் போய்ப் 'பழையதை உடுத்து, பூமியைக் காப்பாற்று' என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மேலிருந்து கீழே என்று சொல்லிவிட்டால் படிகள் தலித்துகளின் வாசலோடு முடிந்துவிடுவதுமில்லை. அவர்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள் இன்னும் ஒரு படி கீழே வைக்கப்பட்டார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம் பத்திரிகைகளில் நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும், சின்னவர்கள் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அந்தச் சண்டையின் சரிதவறு இங்கே வேண்டாம். ஊரார் உடம்பின் அழுக்கைச் சுமப்பதே பிழைப்பாக விதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தை அந்த நாவல் நம் முன்னால் நிறுத்தியது என்பது போதும்.

கொடை வெறுங்கையாக வருவதில்லை, கொடுத்தவரின் ஏதோ ஒரு பகுதி அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். அப்படி எழுதும்போது இந்தியத் தான விதிகளையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். நம் ஸ்கூட்டி புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஸ்கூட்டியை எந்த ஆண்டையும் பண்ணையாளுக்குக் கழித்துப் போட்டதில்லை. அதற்கு ஆர்.சி. புத்தகம் உண்டு, விலை உண்டு, "இரண்டாயிரம் கொறச்சுக்கோண்ணா" உண்டு. பெயர் மாற்றிவிட்டால் பழைய ஆள் ஒழிந்தார். விலை என்பது கத்தரிக்கோல் மாதிரி, கொடுத்தவனின் நூலை அறுத்துவிடுகிறது. சரக்காவது மனித உறவை மறைக்கிறது என்று மார்க்ஸ் வழி படித்த நமக்கு இது சங்கடமான முடிவுதான். மறைக்கப்படவேண்டிய உறவுகளும் இந்த நாட்டில் இருந்திருக்கின்றன, என்ன செய்வது! பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வரும்போது, வீட்டு அம்மாளும் அவரும் ஒரு கிண்ணத்துக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறார்களே, அந்த மல்லுக்கட்டில் ஒரு சமத்துவம் இருக்கிறது. வேலைக்காரம்மாவிடம் "இந்தா, இத எடுத்துக்கோ" என்று நீட்டுகிற கையில் அது இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. மீனவர்கள் தொட மறுத்தார்கள். சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாம் போனபிறகும் இவ்வளவு திமிரா என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. எல்லாம் போனபிறகு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியல்களைப் பொறுக்கித் தரம் பிரித்து வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தியது. துணியைத் தானமாக அல்லாமல் வேலைக்கு ஈடாகத் தருவது என்கிற அவர்களுடைய முறையும் இந்தக் கௌரவப் பிரச்சினையைப் புரிந்துகொண்டதன் விளைவுதான்.

இந்தப் புரிதல் கட்சிகளுக்கு அறிவுஜீவிகளுக்கு முன்னாலேயே இருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி 1983இல் கொண்டுவந்த இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் கொடுக்கப்பட்டது புதுத்துணி. தரம் மட்டம் என்று கேலி செய்யலாம். ஆனால் அது யாரும் உடுத்தாதது, ரேஷன் கார்டுக்கு வருவது, ஆண்டையின் கொல்லைப்புறத்தில் நிற்காமல் கிடைப்பது. இதன் மறுபக்கத்தையும் நம் பகுதி பார்த்துவிட்டது. 2023 பிப்ரவரி 4ஆம் தேதி வாணியம்பாடியில், தைப்பூசத்துக்குத் தனியார் ஒருவர் தரவிருந்த இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் நான்கு பெண்கள் செத்துப்போனார்கள். ஒரு புதுச்சேலைக்கு என்ன விலை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

சரி, சூழலியல் தோழர்களின் பக்கத்துக்கு வருவோம். புதுசு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. பாலாறு பக்கத்தில் இருக்கிறது. செத்த மாட்டின் தோலைத் தொட்டவன் தீட்டுக்காரன். அதே தோல் குரோமிய உப்பில் ஊறி, சாயமேறி, வீட்டுத் திண்ணையில் பெண்கள் ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கையால் தைத்து, கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டி, மெல்லிய தாளில் சுற்றி ஐரோப்பாவுக்குப் போகிறபோது 'புத்தம் புதுசு'. ஒரு மாட்டின் செகனண்டுத் தோல் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. அந்தப் புதுசிலிருந்து கழுவப்பட்ட பழசு எல்லாம் எங்கள் கிணற்றில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டும் என்கிற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேரைச் சேறு மூழ்கடித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் இழப்பீடு பற்றி மறுபடி உத்தரவு போடவேண்டியிருந்தது. புதுப்பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாலாறு இருக்கிறது. திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் நொய்யல் என்பார்கள். ஆகவே குறைவாகச் செய், இருப்பதைச் சுற்றிவிடு என்கிற வாதத்தை மறுக்க என்னால் முடியாது.

மறுப்பு அந்த வாதத்தின் திசை பற்றியது. பழையதை உடுத்துவதால் எதையும் இழக்காதவர்கள் யார்? பீரோவில் இடமில்லாமல் வைத்திருப்பவர்கள். 1852 பிப்ரவரியில் மார்க்ஸ் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கோட்டு அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்கிறார். 'மூலதன'த்தின் முதல் அத்தியாயத்தில் மதிப்பை விளக்க ஒரு கோட்டை எடுத்துக்கொண்டவர் அவர். கோட்டு இல்லாதவனை லண்டனில் யாரும் கனவானாக நடத்தமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிழிந்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பையனுக்கு அது பாணி. அதே கிழிசலோடு சேரிப் பையன் ஸ்டேஷன் பக்கம் போனால் விசாரணை. ஆக, பழந்துணி முதலில் ஏறவேண்டும். இதுவரை இறங்கியே வந்த பொருளை வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து வாங்கி உடுத்துகிற காட்சி பழகினால்தான் அந்த முத்திரை அழியும்.

உலக அளவிலும் இறக்கம்தான் நடக்கிறது. மேற்கத்திய நாடுகளில் கழித்த துணி குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வந்து, அங்கே பெண்கள் தரம் பிரித்து, பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்கு மறு ஏற்றுமதியாகிறது. கம்பளித் துணிகள் பானிப்பட்டில் நார்நாராகக் கிழிபட்டு மலிவுப் போர்வையாகின்றன. வெள்ள நிவாரணத்துக்குக் கொடுக்கிற முரட்டுப் போர்வை அந்த ஜாதி. கானாவில் இந்தப் பழந்துணிக்கு வைத்திருக்கிற பெயரை மொழிபெயர்த்தால் 'செத்த வெள்ளைக்காரன் துணி' என்று வரும். மனு சொன்ன பிணத்துணி அங்கே கிண்டலாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் அக்ராவின் கன்டமான்டோ சந்தையில் அதைப் பொதி பொதியாக வாங்கி, பிரித்து, வெட்டித் தைத்து விற்கிறார்கள். கொடுத்தவன் யார் என்று அங்கே ஒருவருக்கும் கவலையில்லை. (விற்காதது கடலுக்குப் போகிறது என்பது வேறு கதை.)

நம் ஊர்களில் சில வருஷங்களாக 'அன்புச் சுவர்' என்று ஒன்று கட்டுகிறார்கள். வேண்டாததை மாட்டிவிட்டுப் போ, வேண்டுமானதை எடுத்துக்கொள். கொடுக்கிற முகம் தெரியாதவரை நல்லதுதான். ஆனால் எடுக்கிற முகம் நடுத்தெருவில் தெரிகிறதே. சுவரைவிடக் கடை மேல். துவைத்துத் தேய்த்து, விலைச்சீட்டு போட்டு, ஆளுயரக் கண்ணாடி வைத்து, "இதுல பட்டன் இல்ல, கொறச்சுக் குடு" என்று கேட்க இடம் இருக்கிற கடை. இதற்கு ஆம்பூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஏற்றுமதியில் கழித்த ஷூவை எல்லா ஜாதிக்காரர்களும் பேரம் பேசித்தான் வாங்கிப்போகிறார்கள். கழித்தது என்று தெரிந்தே, காரை நிறுத்திவிட்டு.

சிக்கல் விலையில் வரும். ஷூவுக்குப் பேரம் பேச இடமிருக்கிறது, ஏனென்றால் புது லெதர் ஷூ விலை அதிகம். துணியில் அப்படியில்லை. பாலியெஸ்டர் புடவையும் நைட்டியும் இருநூறு முந்நூறுக்குப் புதிதாகவே கிடைக்கிற வாணியம்பாடி பஜாரில், துவைக்கும் கூலியும் கடை வாடகையும் போட்டு ஒரு பழைய நூல்புடவையை என்ன விலைக்கு விற்பது? ஐம்பது ரூபாய்க்கு வைத்தால் கட்டுப்படியாகாது, நூற்றைம்பதுக்கு வைத்தால் இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசே எடுத்துக்கொள்வார்கள். புதுசு அவ்வளவு மலிவாக இருப்பது தைத்தவளின் கூலியிலும் ஆற்றின் தண்ணீரிலும் பிடித்துக்கொண்ட காசினால். அந்தக் காசு வசூலாகாதவரை நம் கடையில் கூட்டம் சேராது.