கொல்லிமலை வளைவுகளில் ஜீப்பின் கிராஸ் உடைவது ஏன்?

காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல தார்ச்சாலைதான். ஆனாலும் மலை ஏறுகிறோமே என்று அடிவாரத்திலேயே ஃபோர் வீல் டிரைவ் போட்டால், நெடுநாள் உழைக்க வேண்டிய பாகங்கள் சீக்கிரமே போய்விடும்.

வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இடது, வலது சக்கரங்களின் வேக வேறுபாட்டை டிஃபரன்ஷியல் சமாளித்துவிடும். ஆனால் தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் ஜீப்புகளில், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. சேற்றிலும் மணலிலும் டயர் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். காய்ந்த தாரில் எளிதில் வழுக்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஷாஃப்டுகள் முறுக்கேறும்.

இடப்பக்க வளைவில் ஏறிய முறுக்கு வலப்பக்க வளைவில் இறங்கிவிடாதா? இறங்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடுதல் தூரம் போவது முன்சக்கரம்தான். முறுக்கு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸோ கிரவுன் பினியன் பல்லோ உடையும்.

ஸ்டியரிங் கனத்து, ஃபோர் வீல் லீவர் கழல மறுத்தால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். வண்டியை நேராகச் சில அடி பின்னே விடுங்கள். முறுக்கு தளர்ந்து லீவர் கழன்றுவிடும்.