கடல் கடக்குமுன் கடனட்டையைக் கவனியுங்கள்

மேற்படிப்புக்காகவோ உத்தியோகத்துக்காகவோ பிறநாடு செல்வோரின் இல்லங்களில், பிரயாண ஆயத்தங்கள் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றன. அன்னையார் மிளகாய்த்தூள் இடித்துப் பொதி செய்கிறார். தந்தையார் சான்றிதழ்களுக்குப் பிரதி எடுத்து அடுக்குகிறார். ஆனால், பணப்பையில் உறங்கும் கடனட்டையை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதனால் விளையும் இடரை என் மாணவன் ஒருவன் வாயிலாக அறிந்தேன்.

செப்டெம்பர் மாதத்தில் இங்கிலாந்து சென்ற அவன், மூன்றாம் நாள் இரவு, தங்கும் அறைக்கு இணையவழி முற்பணம் செலுத்த முற்பட்டான். வங்கி, ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அது சென்ற இடமோ யாழ்ப்பாணம்! புறப்படும்போது தன் சிம் அட்டையைத் தம்பியிடம் கொடுத்துச் சென்றிருந்தான். அங்கே இரவு பத்து மணி. இங்கே பின்னிரவு இரண்டரை. தம்பி நல்ல உறக்கத்திலிருந்தான். விடிந்தபோது அறை வேறொருவருக்குப் போய்விட்டது. அட்டையிற் பணத்துக்குக் குறைவில்லை; குறைந்தது முன்யோசனையே.

ஆதலால், புறப்படுமுன் வங்கிக்கு நேரிற் செல்லுங்கள். வெளிநாட்டில் எவ்வகைச் செலவுகளுக்கு அட்டையைப் பயன்படுத்தலாம், கட்டணம் எவ்வளவு என்று கேட்டறியுங்கள். இரகசிய எண் உங்கள் கைக்கே வந்துசேர வழி செய்யுங்கள். அதனை உடன்பிறந்தாரிடமும் பகிர்தல் தகாது. அட்டையின் முடிவுத் திகதியையும் பாருங்கள். அது காலாவதியானால், புதிய அட்டை பெரும்பாலும் வீட்டு முகவரிக்கே வரும்.

அடுத்தது செலவு. உள்ளூர் நாணயத்திலா, இலங்கை ரூபாவிலா என்று கடையிலுள்ள இயந்திரம் வினவினால், உள்ளூர் நாணயத்தையே தெரிவு செய்க. ரூபாவைத் தெரிந்தால் மாற்று வீதத்தைக் கடையின் பக்கத்தாரே நிர்ணயிப்பர். பெரும்பாலும் நட்டம் நமக்கே. கடனட்டையாற் காசு எடுப்பதும் பேரவசரத்துக்கன்றி ஆகாது. பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாத் தவணை அதற்கில்லை. எடுத்த நாள் முதலே வட்டி ஏறும்.

பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டிய பாடமொன்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. 100 டொலர்ப் புத்தகம் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. பிள்ளை அங்கே செலவிட, தந்தை இங்கே ரூபாவிற் கட்டும் அட்டை மழைக்குப் பிடிக்கும் குடையேயன்றி, வீட்டுக் கூரையாகாது.

'நாணயம்' என்னும் சொல்லுக்குக் காசு, நேர்மை என இரு பொருளுண்டு. விந்தை யாதெனில், நாம் பட்ட கடன் கடலைக் கடந்து நம்மைத் தொடர்கிறது. நாம் ஈட்டிய நாணயமோ கரையிலேயே நின்றுவிடுகிறது. இங்கு செலுத்தாத கடன், 1989 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்திற் பதிவாகும்; பின்னொருநாள் வீடு கட்டக் கடன் கேட்கையில் அது குறுக்கே நிற்கலாம். ஆனால், இங்கே பத்தாண்டுகள் தவறாது கட்டியிருந்தாலும், பிரித்தானிய வங்கி பொதுவாக அதனைக் கணக்கிற் கொள்வதில்லை. அந்நாட்டு எக்ஸ்பீரியன், ஈக்குவிபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய நிறுவனங்களின் ஏடுகளில் நம் பெயர் புதிதாகவே எழுதப்படல் வேண்டும்.

எனவே, வேண்டாத அட்டையின் நிலுவையைத் தீர்த்து மூடி, அதற்கு எழுத்து மூலம் உறுதி பெறுக. வைத்திருக்கும் அட்டையின் மாதக் கொடுப்பனவுக்கு ஒழுங்கு செய்க. சென்ற நாட்டில் வங்கிக் கணக்கைத் திறந்து, சிறிய கொடுப்பனவுகளையும் தவணை தவறாது செலுத்துக. நாணயம் அவ்வாறே வளரும்.

அம்மாணவனின் தம்பியும் இவ்வாண்டு பிறநாடு புறப்படுகிறான். பெட்டி கட்டுமுன்னரே வங்கிப் படி ஏறி வந்தான் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.