கருவிகளுக்குக் கதவிலக்கம்

கணிப்பொறியின் செயலிக்குத் தெரிந்த மொழி மிக எளியது. ‘இந்த முகவரியில் உள்ளதைப் படி, அந்த முகவரியில் இதை எழுது’ என்பதே அது. முகவரிக்குப் பின்னால் இருப்பது நினைவகமா, நெட்வொர்க் அட்டையா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே கருவிகளுக்கும் முகவரி வேண்டும். அதை வழங்குவது யார்? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் சான்றாகக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

முன்னர் இப்பொறுப்பு மனிதனுடையது. 1980களின் ஐ.எஸ்.ஏ. அட்டைகளில் ‘ஜம்பர்’ எனும் சிறு இணைப்பிகளை இடம் மாற்றிக் கையாலேயே முகவரி அமைத்தனர். இரண்டு அட்டைகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால், ஒரு கேள்விக்கு இருவர் ஒரே குரலில் விடை சொன்னது போலாகும், எதுவும் விளங்காது. 1992-இல் வந்த பி.சி.ஐ. முறை இத்தொல்லையைத் தீர்த்தது.

முகவரியே இல்லாத அட்டையை எப்படி அழைப்பது? முதல் நாள் வகுப்புக்கு வரும் மாணவருக்குப் பதிவேட்டில் எண் இராது. ‘மூன்றாம் பெஞ்சில் இரண்டாமவர்’ என்றுதான் ஆசிரியர் அழைப்பார். கெர்னலும் அவ்வாறே ‘இந்தத் தடத்தில் இத்தனையாவது இடம்’ என்று அழைக்கிறது. ஒரு தடத்தில் 32 இடங்கள் வரை உண்டு. இடம் காலியானால் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே திரும்பும்.

அட்டை இருந்தால் அடுத்த கேள்வி, ‘உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?’ என்பது. அட்டையில் 32 பிட் அளவுள்ள முகவரிப் பதிவகங்கள் 6 வரை இருக்கும். கெர்னல் ஒரு பதிவகம் முழுவதும் 1 எழுதித் திரும்பப் படிக்கிறது. வகையைக் காட்டும் கடைசி 4 பிட்டுகளை 0 எனக் கொண்டு பார்க்கும்போது, கீழ்ப்பக்கம் 20 பிட்டுகள் 0 என நின்றால், தேவை 2-இன் 20-ஆம் அடுக்கு. அதாவது 10,48,576 பைட்டுகள், 1 மெகாபைட். அத்தகைய காலியிடத்தைத் தேடி, அதன் தொடக்க முகவரியைக் கெர்னல் பதிவகத்தில் எழுதுகிறது. அட்டை ‘எவ்வளவு’ என்று மட்டுமே சொல்கிறது. ‘எங்கே’ என்பதை அது கேட்பதில்லை! பல கணிப்பொறிகளில் பயாஸ் எனும் தொடக்க மென்பொருளே முதலில் இடம் ஒதுக்கிவிடும். கெர்னல் அதைச் சரிபார்த்து, மோதலோ விடுபாடோ இருப்பின் திருத்தும்.

இதை அறியாததால் ஒரு வீண்பழியும் நேர்வதுண்டு. 32 பிட்டுகளால் 4,29,49,67,296 முகவரிகளே, அதாவது 4 கிகாபைட் மட்டுமே, எண்ண இயலும். அத்தகைய கணிப்பொறியில் 4 கிகாபைட் நினைவகம் பொருத்தினாலும், 3-க்குச் சற்று மேல்தான் திரையில் தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் வருந்துவார். உண்மையில் நினைவகம் குறையவில்லை. முகவரிகளில் ஒரு பகுதியைக் கருவிகள் பெற்றுக்கொண்டதால், அந்த அளவு நினைவகம் கதவிலக்கமின்றி நிற்கிறது. 64 பிட் கணிப்பொறிகளில் அப்பகுதிக்கு 4 கிகாபைட்டுக்கு மேலே இடம் தரப்படுவதால் இக்குறை நீங்குகிறது.

ஐயமுள்ள நண்பர்கள் லினக்ஸில் ‘ஐஓமெம்’ என்னும் கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து பார்க்கலாம். எந்தக் கருவி எந்த முகவரியில் குடியிருக்கிறது என்பது அங்கே வரிசையாகக் கிடைக்கும்.