உள்ளங்கையில் ஒரு சிற்றூர்

நான்கு மில்லிமீட்டர் என்பது மிகச் சிறிய அளவு. ஒரு துவரம் பருப்பின் அகலத்திற்கும் குறைவு. அந்த நான்கு மில்லிமீட்டரை ஓர் அடியாகக் கணக்கிட்டு, வீடும் வேலியும் தோட்டமும் தொழுவமுமாக ஒரு சிற்றூரையே ஒருவர் கட்டத் தொடங்கினார் என்றால் நமக்கு வியப்பு உண்டாகிறது. அதற்காகத் தம் வாழ்நாளையே அவர் செலவிட்டார் என்று அறியும்போது, வியப்போடு ஒரு கேள்வியும் எழுகிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் பொம்மை வீடு கட்டுவதில் ஆயுளைக் கழிப்பது எதற்காக?

அக்கேள்விக்கு விடை காணவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

தண்டவாளத்தின் ஓரத்தில்

சாவி கொடுத்தால் வட்டமிட்டு ஓடும் தகர இரயிலைப் பார்த்து மகிழாத குழந்தை இல்லை. மேனாடுகளில் பெரியவர்களும் அம்மகிழ்ச்சியை விட மனமின்றி, அதனை ஒரு கைத்திறனாகவே வளர்த்துவிட்டனர். மெய்யான இரயிலின் அளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கி, எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் அமைத்து ஓட்டுகின்றனர். அமெரிக்காவில் பெருவழக்காக உள்ள விகிதம் 87-இல் ஒரு பங்கு. பிரிட்டனில் 76-இல் ஒரு பங்கு.

இவர்கள் அனைவருமே எஞ்சின் மீது மோகம் கொண்டவர்கள் என்று எண்ணிவிடலாகாது. சிலருடைய உள்ளம் தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் கட்டடங்களையே நாடுகிறது. சிறிய நிலையம், சரக்குக் கொட்டகை, சிக்னல் அறை, தண்ணீர்த் தொட்டி, அப்பால் தெரியும் குடியானவர் வீடு ஆகியவற்றில்தான் அவர்களுக்கு நாட்டம். எஞ்சின் கடையில் விலைக்குக் கிடைக்கும். நாம் அறிந்த ஒரு தெருவின் மூலை வீடு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனை நம் கையால்தான் கட்டவேண்டும். அவ்வாறு கட்டுவதற்கு முன், அதனை நன்றாகப் பார்த்திருக்கவும் வேண்டும்.

அவர் கண்ட அழிவு

நாம் முதலில் குறிப்பிட்டவரின் பெயர் ரோய் இங்கிலாந்து. குலப்பெயர்தான் இங்கிலாந்து, அவர் ஆஸ்திரேலியர். இலண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்த பெருமேற்கு இரயில்வே மீது கொண்ட பேரார்வம் உந்த, 1925-ஆம் ஆண்டில் இளைஞராக இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அந்த இரயில்வேயின் புகழ்பெற்ற தொழிற்சாலை ஸ்விண்டன் நகரில் இருந்தது. அதன் அருகே ‘வெண்குதிரைப் பள்ளத்தாக்கு’ என்ற நாட்டுப்புறம் உள்ளது. சுண்ணாம்புக் குன்றின் சரிவில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வெட்டி வரைந்த, 110 மீட்டர் நீளமுள்ள வெள்ளைக் குதிரையின் உருவமே அவ்விடத்திற்கு அப்பெயரைத் தந்தது.

இரயிலைப் பார்க்க வந்தவர் அப்பள்ளத்தாக்கின் வீடுகளைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார். கோதுமை வைக்கோலால் வேய்ந்த கூரைகள், மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல் நிரப்பிய சுவர்கள், அங்கேயே கிடைத்த சுண்ணக் கற்களால் எழுப்பிய மதில்கள், வாசலில் பூந்தோட்டம். எந்த நிபுணரும் வரைபடம் போட்டுக் கட்டாத எளிய வீடுகள் அவை. மண்ணிலிருந்து தாமே முளைத்தவை போல அவை நின்றன.

ஆனால் காலம் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. ஒரு வீடு இடிக்கப்பட்டது. மற்றொன்றின் வைக்கோற்கூரையை அகற்றிவிட்டு மலிவான தகடுகளைப் பதித்தனர். வேறொன்றின் சன்னல்கள் மாறின. வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்கிறவருக்கு அழகைவிட உலர்ந்த படுக்கையே பெரிது. எனினும், பல நூற்றாண்டுகளின் கைவேலை ஒவ்வொரு மாதமும் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் இயலவில்லை. வீடுகளை விலைக்கு வாங்கிக் காக்க அவரிடம் பணம் இல்லை. சட்டம் போட்டுத் தடுக்க அதிகாரமும் இல்லை. அவரிடம் இருந்தவை இரு கண்களும் இரு கைகளுமே. அவற்றைக் கொண்டு, அந்நாட்டுப்புறத்தைச் சிற்றுருவில் காத்து வைப்பது என்று 1930-களின் தொடக்கத்தில் உறுதி பூண்டார்.

ஊர் ஊராகச் சென்று வீடுகளை அளந்தார், நிழற்படம் எடுத்தார், நிறங்களைக் குறித்துக்கொண்டார். 1954-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே லாங் விட்டன்ஹம் என்னும் சிற்றூரில், முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு கட்டடத்தை வாங்கி, அதனை இளைஞர் விடுதியாக நடத்திக்கொண்டே தம் பணியைத் தொடர்ந்தார். ‘பெண்டன்’ அருங்காட்சியகம் பிறந்தது அவ்வாறுதான். நாளடைவில் தன்னார்வத் தொண்டர்கள் பலர் அவரோடு சேர்ந்தனர். பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்து தேர்ந்த வீடுகளை ஒன்றாக அமைத்து, ‘பெண்டன் பார்வா’ என்ற கற்பனைச் சிற்றூரை உருவாக்கினர். ஊர் கற்பனை, வீடுகள் மெய்யானவை.

ஒரு சுவரின் கணக்கு

இவ்வேலை எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நான்கு மில்லிமீட்டர் ஓர் அடி என்றால், ஆறடி மனிதரின் உயரம் 24 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் செங்கலின் நீளம் மூன்று மில்லிமீட்டர். சாந்தையும் சேர்த்து அதன் உயரம் ஒரு மில்லிமீட்டர். முப்பதடி நீளமும் பதினாறடி உயரமும் உள்ள ஒரு சுவரில், வரிக்கு 40 செங்கல் வீதம் 64 வரிகள் அமையும். சன்னலுக்கும் கதவுக்கும் இடம் விடாவிட்டால் மொத்தம் 2,560 செங்கற்கள். இது ஒரு பக்கத்துச் சுவர் மட்டுமே!

அட்டையின் மீது மழுங்கிய ஊசியால் அச்செங்கற்களைக் கோடு கோடாக அழுத்தி வரைகின்றனர். பிறகு நுண்ணிய தூரிகையால் நீர்வண்ணம் தீட்டுகின்றனர். செங்கல் என்றால் சிவப்பு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையான ஒரு சுவரின் முன் நின்று பார்த்தால், பழுப்பும் ஊதாவும் மஞ்சளும் கரியும் அதில் கலந்திருப்பது தெரியும். சூளையில் நெருப்புக்கு அருகே இருந்த கல்லின் நிறம் வேறு. தள்ளி இருந்ததன் நிறம் வேறு. அந்த வேறுபாடுகளைக் காட்டினால்தான் அட்டை சுவராகிறது.

சன்னல்களுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. ஓர் அங்குலச் சட்டம் இங்கே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வைக்கோற்கூரைக்குக் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சணல் நார் உதவுகிறது. அதனைச் சிறு சிறு கற்றைகளாக வெட்டி, இறவாரத்தில் தொடங்கி முகடு வரை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு போகின்றனர். மெய்யான கூரை வேய்பவரும் அந்த ஒழுங்கில்தான் வேய்கிறார். மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மீது படிந்தால்தான் மழைநீர் வழிந்தோடும். பொம்மை வீட்டில் மழை பெய்யப்போவதில்லை. ஆயினும் முறையை மாற்றினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இவ்வாறு ஒரு வீட்டை முடிக்கப் பல நூறு மணி நேரம் ஆகிறது. பகலெல்லாம் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு மாலையில் அமர்ந்து செய்கிறவர்களுக்கு, ஒரு வீடு சில ஆண்டுகளின் வேலையாகிவிடுகிறது.

பெண்டனில் வேறொரு மாதிரி இரயில்வேயும் காக்கப்படுகிறது. ஜான் அஹர்ன் என்பவர் தம் இல்லத்தில் அமைத்த ‘மேடர் பள்ளத்தாக்கு இரயில்வே’ அது. மேடர்போர்ட், கேமன் மேக்னா என்று ஊர்களுக்கெல்லாம் அவரே பெயர் சூட்டினார். இரயில் ஓடினால் போதும் என்று பலர் இருந்த அக்காலத்தில், இரயிலும் ஊரும் மலையும் ஒரே காட்சியாக இசைய வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். சிறு கட்டடங்கள் கட்டும் முறையை விளக்கி நூலும் எழுதினார். 1961-இல் அவர் மறைந்த பின் அவருடைய கைவேலை பெண்டனில் அடைக்கலம் பெற்றது.

தீ உண்ட மலைநாடு

எல்லாக் கைவேலைக்கும் அத்தகைய அடைக்கலம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மாண்டரே நகரில், ஜான் ஆலன் என்ற நிழற்படக் கலைஞர் வாழ்ந்தார். தம் வீட்டின் நிலவறையில் தரையிலிருந்து கூரை வரை எழும் மலைகளும் பாலங்களும் ஊர்களும் கொண்ட ஒரு மாதிரி இரயில்வேயை அவர் அமைத்தார்.

கட்டடக் கலைக்கு அவர் அளித்த கொடை ஒன்று உண்டு. அக்காலத்து மாதிரிக் கட்டடங்கள் பெரும்பாலும் நேற்றுத் திறப்புவிழா நடந்தவை போலப் பளபளக்கும். ஆலன் அவற்றிற்கு முதுமையைத் தந்தார். பலகைகளில் வெயில் வெளுப்பு, தகரத்தில் துரு, எஞ்சின் கொட்டகையின் கூரையில் புகைக்கரி, பெயர்ந்து தொங்கும் ஓர் ஓடு. பழையதாகத் தோன்றும் கட்டடத்தில்தான் மனிதர் வாழ்ந்த தடம் தெரிகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய படங்களை இதழ்களில் கண்டு உலகெங்கும் பலர் அம்முறையைக் கற்றனர்.

1973-ஆம் ஆண்டு சனவரி மாதம் அவர் மாரடைப்பால் காலமானார். ஏறத்தாழப் பத்து நாட்களில் அவ்வீட்டில் தீப்பற்றி, அந்த மலைநாட்டின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பு ஓர் இரவு நெருப்புக்கு இரையானது போலத் தோன்றும். ஆனால் அவர் எடுத்த நிழற்படங்கள் எஞ்சின. அவரிடம் கற்றவர்களின் விரல்களில் அவர் முறை எஞ்சியது. இன்றும் எவரேனும் ஒரு சிறு தகரக் கூரைக்குத் துருவின் நிறத்தைத் தீட்டும்போது, அங்கே ஆலனின் கண் வேலை செய்கிறது.

நம் வீட்டில்

இவற்றைப் படிக்கும் பெற்றோர், “இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு” என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓடும் இரயிலுக்குத்தான் செலவு அதிகம். கட்டடத்திற்கு மிகக் குறைவு. பழைய அட்டை, அளவுகோல், கூரிய கத்தி, பசை, பள்ளிப் பிள்ளையின் நீர்வண்ணப் பெட்டி ஆகியவை போதும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டிய கைகளுக்கு இது புதிய வேலையும் அன்று.

நாமும் ஒருமுறை முயன்று பார்த்தோம். கதவும் சன்னலும் வெட்டி, சுவருக்கு அழகாக வண்ணம் தீட்டி வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால், சுவர் அப்பளம் போல வளைந்து கிடந்தது! அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அது வளையும். இரு பக்கமும் பூச வேண்டும், உட்புறம் குறுக்குச் சட்டம் ஒட்ட வேண்டும் என்று பிறகே அறிந்தோம். இரண்டாவது வீடு நிமிர்ந்து நின்றது.

தொடங்குவோருக்கு ஓரிரு குறிப்புகள். முதலில் நாள்தோறும் பார்க்கும் ஒரு சிறு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். கதவின் உயரத்தை அளந்துகொண்டால், எட்டாத இடங்களையும் நிழற்படத்தில் கதவோடு ஒப்பிட்டுக் கணக்கிடலாம். அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற விகிதத்தை எங்கும் மாற்றாதீர்கள். வண்ணங்கள் சற்று மங்கலாகவே இருக்கட்டும். தொலைவில் உள்ள பொருளின் நிறம் நம் கண்ணுக்கு வெளிறித்தான் தெரியும். கத்தி வேலையைப் பெரியவரே செய்யட்டும்; அளப்பதையும் எண்ணுவதையும் வண்ணத்தையும் பிள்ளையிடம் விடுங்கள். அவசரம் மட்டும் வேண்டாம்.

இதனால் பெறும் பெரும்பயன் மேசை மீது நிற்கும் வீடு மட்டுமன்று. பத்தாண்டுகளாக ஒரு வீட்டைக் கடந்து சென்றிருப்போம். அதற்கு எத்தனை சன்னல்கள் என்று கேட்டால் விழிப்போம். அதனை அட்டையில் கட்டத் தொடங்கிய அன்றுதான் உண்மையில் பார்க்கத் தொடங்குகிறோம்.

ரோய் இங்கிலாந்து 1995-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட பள்ளத்தாக்குக் காட்சி அன்று முடிவு பெற்றிருக்கவில்லை. தாம் முழுமையாகக் காணப்போவதில்லை என்ற ஒன்றிற்காக அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். வளர்ந்த மனிதர் பொம்மை வீடு கட்டுவது எதற்காக என்று நாம் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. தாம் நேசித்த ஒன்றைப் பார்க்கத் தவறிய உலகிற்கு, அதனை அவர் மீண்டும் பார்க்கக் கொடுத்தார்.

நம் குடும்பங்களிலும் தாத்தா கட்டிய பழைய வீடு ஒன்று இடிபடக் காத்திருக்கலாம். அதனைத் தடுக்க நம்மால் இயலாமற்போகலாம். ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு ஞாயிறு மாலையில், பேரனையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, அளவு நாடாவோடு அங்கே செல்ல நம்மால் இயலும். திண்ணையின் நீளத்தையும் தூணின் உயரத்தையும் அவர்கள் ஏட்டில் குறிக்கட்டும். பாட்டி அமர்ந்து அரிசி புடைத்த இடம் எது என்று அப்போது நிச்சயம் கேட்பார்கள்.