சாரதிக்குச் சீனி எங்கிருந்து வருகிறது?

மூதூர்ப் பகுதியின் கட்டைபறிச்சானில் விடியப்புறம் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறி, சேருநுவர வழியாகக் கந்தளாய்க்கு ஏறி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கொழும்பு போய்ச் சேர்வதற்குள் நாலைந்து தேத்தண்ணிக் கடைகளில் நிற்கும். நிற்பது பசியால் அல்ல. கண் கட்டுகிறது, இடுப்பு இறுகிவிட்டது, சலம் போக வேண்டும், எதிர்ப்பக்கம் இருந்து வந்த லொறிக்காரரிடம் பாதை எப்படி என்று கேட்க வேண்டும். கடைக்குள் போய் வெறுமனே உட்கார முடியாது. ஒரு பால் தேத்தண்ணி சொல்லியாக வேண்டும். நாம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், ரின்பாலின் இனிப்புக்கு மேலே சீனியும் சேர்ந்துதான் கோப்பை வரும்.

சீனியைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் எல்லாம் இனிப்புப் பண்டத்தைப் பற்றியே பேசுகின்றன. லட்டு, கேக், ஐஸ்கிரீம் என்று நீளும் அந்தப் பட்டியலைப் படிக்கிற சாரதி, “இதொண்டும் நான் சாப்பிடுறேல்லையே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்வது உண்மை. அவருடைய சீனி ஓய்வோடு சேர்ந்து வருகிறது. வண்டியை விட்டு இறங்க அவருக்குக் கிடைக்கிற ஒவ்வொரு சந்தர்ப்பமும் ஒரு கோப்பை இனிப்பாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் அவருக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று பேசுவது அநியாயம்.

கணக்குப் பார்ப்போம். தேக்கரண்டி ஒன்றில் ஏறத்தாழ 5 கிராம் சீனி. கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 75 கிராம். மத்தியான வெயிலில் ஒரு போத்தல் சோடா. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானமென்றால், 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம். இரண்டும் சேர்ந்து 115 கிராம், அதாவது 23 கரண்டி. காலையில் தின்ற பணிஸையும் சீனிச் சம்பலையும் இதில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்பட்ட சீனியின் உச்ச அளவு 50 கிராம். 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ரின்பாலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சீனிதான். “சீனி போடாதீங்கோ” என்று சொல்லி ரின்பால் தேத்தண்ணி குடிப்பவருக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

எங்கள் பகுதி வீதிகளின் கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 வீதியில் ஒருகாலத்தில் பாதைகளில், அதாவது இழுவைப் படகுகளில், வாகனங்களை ஏற்றித்தான் ஆறுகளையும் களப்புகளையும் கடந்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. மூதூர்ப் பகுதி மக்களுக்கு அவை பெரிய விடுதலை. 2006 இன் போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊர்களுக்கு வாழ்வாதாரமே அந்தப் பாலங்களால்தான் நிமிர்ந்தது. நோயாளியை வைத்துக்கொண்டு துறையில் காத்திருந்த குடும்பங்களுக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் சாரதியின் உடம்புக்கு வேறொன்றும் நடந்தது. துறையில் இறங்கி நிற்பதும், வண்டியைச் சுற்றி நடப்பதும், கயிறு இறுக்குவதும் நின்றுபோய், ஆசனத்தில் இருக்கும் நேரம் நீண்டுவிட்டது.

இருப்பது உடம்பை என்ன செய்யும் என்பதை முதலில் காட்டியதே வாகன ஓட்டுனர்கள்தான். லண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்த ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் 1953 இல் தன் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துனர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளுக்கு மாரடைப்பு அதிகம். ஒரே பஸ், ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே சம்பளம். அமெரிக்காவில் 2010 இல் நெடுந்தூர லொறிச் சாரதிகளிடம் அரசு நிறுவனம் ஒன்று எடுத்த கணக்கெடுப்பில் 69 சதவீதத்தினர் உடற்பருமன் உள்ளவர்கள். வேலை செய்யும் மற்ற அமெரிக்கர்களில் அது 31 சதவீதம்தான். நீரிழிவும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நோய் வர நம்மவருக்கு அவ்வளவு பருமன் தேவையில்லை என்பதுதான் கவலைக்குரிய விடயம். தெற்காசியருக்கு மெலிந்த கை கால்களோடு வயிறு மட்டும் முன்தள்ளினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கை. இலங்கையில் 2005–06 காலத்தில் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. 2018–19 இல் நடந்த மற்றோர் ஆய்வு அதை 23 சதவீதம் என்கிறது. இரண்டும் அளந்த முறை வேறு, வயதெல்லை வேறு. அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் போகும் திசை தெளிவு.

திருகோணமலை மாவட்டத்துக்கும் சீனிக்கும் பழைய உறவு உண்டு. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு கந்தளாயில் கட்டப்பட்ட சீனித் தொழிற்சாலை 1960 இல் இயங்கத் தொடங்கி 1993 இல் மூடப்பட்டது. இன்று நாட்டின் சீனியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அதன் விலை அரசியலோடு ஏறி இறங்குகிறது: 2020 ஒக்ரோபரில் இறக்குமதி வரி கிலோவுக்கு 50 ரூபாயில் இருந்து 25 சதத்துக்குக் குறைக்கப்பட்டது, 2023 நவம்பரில் மீண்டும் 50 ரூபாயானது. முதல் வரிக்குறைப்புக்கு அடுத்த ஆண்டே, 2021 இல், கடைகளில் சீனிக்கு வரிசை நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி குடிக்கப் பழகிய வீடுகள் பல. முடிகிற காரியம்தான் என்று அந்த நாட்கள் காட்டின.

குளிர்பானப் போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் இருக்கிறதே, அது 2016 ஓகஸ்ட்டில் வந்த விதி. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் கீழே பச்சை. அடுத்த ஆண்டு பானங்களில் உள்ள சீனிக்கு கிராம் கணக்கில் வரியும் வந்தது. நல்ல விதி, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டம் சொல்வது 100 மில்லிலீற்றரின் கணக்கு. சாரதி குடிப்பது முழுப் போத்தல். மேலே சொன்ன 40 கிராம் போத்தலுக்குச் செம்மஞ்சள் வட்டம்தான் கிடைக்கும். நித்திரை வராமல் இருக்கக் குடிக்கிற சக்திப் பானங்களும் இதே வரிசைதான். அதில் விழிப்புத் தருவது கஃபீன்; அது வெறுந்தேத்தண்ணியிலும் இருக்கிறது.

பனங்கட்டிக்கு மாறினால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். பனங்கட்டியிலும் கித்துள் கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சீனியேதான்; இரத்தம் வேறுபாடு பார்க்காது. ஆனால் நம் தாத்தாமார் குடித்த முறையில் ஒரு நன்மை இருந்தது. உள்ளங்கையில் சின்னத் துண்டு ஒன்றை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். மூன்று கரண்டியின் இடத்தில் ஒரு கரண்டியளவோடு கோப்பை முடிந்துவிடும். முழுதாக விட முடியாதவர் இதிலிருந்து தொடங்கலாம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிறகு பழைய அளவே திகட்டும்.

சீனி மட்டும் என்றால் விடயம் இலகுவாக முடிந்திருக்கும். சீனக்குடா ஆலையில் அரைபடும் வெள்ளைக் கோதுமை மா பாணாக, பராட்டாவாக, இரவில் கொத்து ரொட்டியாகச் சாரதியின் தட்டுக்கு வருகிறது. மத்தியானம் பார்சலில் மலைபோல வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கறி. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கண் சொக்குவதற்கு இந்தச் சோற்றுக்கும் பங்குண்டு. அதைப் போக்க மறுபடியும் சீனித் தேத்தண்ணி. இந்தச் சுற்றை உடைக்கும் இடம் பார்சல்தான். “அண்ணை, சோத்தைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டிப் போடுங்கோ” என்றால் பெரும்பாலான கடைகளில் மறுக்கமாட்டார்கள். வறையும் பருப்பும் மீனும் இலங்கையில் எந்தச் சாப்பாட்டுக்கடையிலும் உண்டு. தமிழ் தெரியாத கடையில் “சீனி அடுவென்” என்றால் குறைத்துப் போடுவார்கள், “சீனி நெத்துவ” என்றால் போடாமலே தருவார்கள். தென்பகுதிக்கு ஓடுகிற நம் சாரதிகளுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கடையில் சொல்லத் துணிவதுதான் பாக்கி.

வீட்டிலிருந்து கொண்டுபோவது இன்னும் நல்லது. கட்டைபறிச்சானைச் சுற்றி வயலும் களப்பும் இருக்கின்றன. சிவப்பரிசிப் புட்டு, குரக்கன் ரொட்டி, அவித்த பாசிப்பயறு, கடலை, அவித்த முட்டை ஆகியவை காலையில் கட்டினால் மத்தியானம் வரை கெடாது. முட்டையை மட்டும் வெயில் ஏறுமுன் சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காய்ப்பால் கறியை வெக்கையில் வைத்திருக்கக் கூடாது. புட்டைக் கையால் கிள்ளி ஓட்டிக்கொண்டே சாப்பிடுவது ஆபத்து; பத்து நிமிடம் நிறுத்திச் சாப்பிட்டு, லொறியைச் சுற்றி நாலு தரம் நடந்தால் சாப்பாட்டின் சீனி இரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். சலம் போக நிறுத்த வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிற பழக்கம் பல சாரதிகளிடம் உண்டு. தாகத்தை அடக்கி வைத்தால் அது கடைசியில் சோடாவாகத்தான் தீரும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரை போடுகிற சாரதி, வைத்தியரிடம் சொல்லாமல் திடீரெனச் சீனியையும் சோற்றையும் வெட்டக்கூடாது. மெற்ஃபோமின் மட்டும் போடுகிறவருக்கு இரத்தச் சீனி மிகக் குறைந்துவிடும் ஆபத்து குறைவு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியல்ல. மாத்திரையைப் போட்டுவிட்டு, லோட் இறக்கத் தாமதமாகிச் சாப்பாட்டைத் தவறவிட்டால், இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சீனி இறங்கலாம். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், கண் மங்கும், யோசனை குழம்பும். பத்து தொன் பாரத்தோடு வீதியில் போகிறவருக்கு அது நேர்ந்தால் எதிரே வருகிறவரும் தப்ப முடியாது. உடனே ஓரங்கட்டி, திறப்பைக் கழற்றிவிட்டு, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடி. தெளிந்ததும் எதையாவது சாப்பிட வேண்டும். இரத்தச் சீனி வழமைக்குத் திரும்பி 45 நிமிடம் ஆகும்வரை ஓட்டக்கூடாது என்பது பிரித்தானிய விதி. இங்கும் அதையே கைக்கொள்ளலாம். இந்த மாத்திரைகள் போடுகிறவரின் லொறியில் குளுக்கோஸ் பெட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கிளீனருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழக்கத்தை மாற்றினால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் இருந்து பதில் இருக்கிறது. வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39 சதவீதத்தினருக்கு. அதே குழு 2013 இல் இன்னொன்றைக் காட்டியது. வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பி உணவையும் உடற்பயிற்சியையும் நினைவூட்டினார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. வகுப்புக்கு வர நேரமில்லாத சாரதிக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. நம் சுகாதாரத் திணைக்களமும் லொறிச் சங்கங்களும் தமிழிலும் சிங்களத்திலும் இதைத் தொடங்க வேண்டும். பெரிய செலவும் இல்லை.

ஆனால் செய்தி மட்டும் போதாது. இங்கிலாந்தில் 382 லொறிச் சாரதிகளுக்குப் பாடம், அடி எண்ணும் கைப்பட்டி, வண்டிக்குள்ளேயே செய்யும் பயிற்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் அடி கூடுதலாக நடந்தார்கள். அதற்குப் பிறகு அந்த முன்னேற்றம் கரைந்துபோனது. வேலை மாறவில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். லீசிங் தவணைக்காக இரண்டு இரவு தொடர்ந்து ஓடுகிறவரிடம், நித்திரை குறைந்தால் பசியும் இரத்தச் சீனியும் ஏறும் என்று சொல்லி என்ன பயன்? லொறி முதலாளிமார் ஓட்டத்துக்கு நடுவே இருபது நிமிட ஓய்வையும் சாப்பாட்டு நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

கனரக வாகன அனுமதிப்பத்திரத்தை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். நீரிழிவுக்கு நான்கு ஆண்டு மிக நீளம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், இடுப்பளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். எந்த நாளில் என்று மூதூர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஆதார வைத்தியசாலையிலோ கேட்டறியலாம். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் இப்போதே திருத்திக்கொள்ளலாம். 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி சோதித்து உறுதிசெய்து வைத்தியரிடம் போக வேண்டும். சோதனைக்கு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். அதனால் முந்திய இரவு ஓட்டம் எடுக்காமல் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் போங்கள்; விடிய விடிய ஓட்டி வந்து இரத்தம் கொடுத்தால் கணக்கும் சரியாக வராது.